காலி வண்டி எடை

யார்க்டனுக்கு வடக்கே, ரயில் பாதையோரத் தானியக் கிடங்கில்
இருபத்திரண்டு அறுவடைகளாக
எடைமேடைச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, ஒரு கணினி.
லோடோடு வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை.
கழித்தால் கோதுமை.
இவ்வளவுதான் என் உத்தியோகம்.

ரெஜினா மருத்துவமனையில்
உணவு ஆலோசகர் ஷாந்தல் ஒரு காகிதத்தை நீட்டினாள்.
இலக்கு எடை என்று அச்சிட்டு
பக்கத்தில் ஒரு கோடு.
இரைப்பையை வாழைப்பழ அளவுக்கு நறுக்கித் தைத்துப்
பதினான்கு மாதம் ஆகிறது.
நூற்று முப்பத்தெட்டாக உள்ளே போனவள்
தொண்ணூற்றொன்றில் நிற்கிறேன்.
ஆறு வாரமாக முள் அசையவில்லை.

"அறுபத்தொன்று" என்றேன்.
அவள் பேனாவை மூடினாள்.
"அடுத்த மாதம் எழுதிக்கொண்டு வாருங்கள், லூபா."

அறுபத்தொன்று:
கனோரா கர்லிங் குழுவின் புகைப்படத்தில்
இடமிருந்து மூன்றாவதாக நிற்பவளின் எடை.
பத்தொன்பது வயது.
ஒரு நாளைக்கு ஓர் ஆப்பிளும்
பதினெட்டு சிகரெட்டும் அவளுக்குச் சாப்பாடு.
புகைப்படம் அதைச் சொல்லாது.
இடுப்பை மட்டும் காட்டும்.

என் நாத்தனார் கொலீனிடமும் ஓர் எண் இருக்கிறது.
முன்பெல்லாம் "எப்போதுதான் குறைப்பாய்?"
இப்போது அதே வாய், அதே மேசை, அதே பிரோகித் தட்டு:
"போதும் நிறுத்து, முகமெல்லாம் வற்றிவிட்டது."
நான் ஒன்பதாவது ஸ்பூன் பீட்ரூட் சூப்பை
மென்றுகொண்டிருந்தேன்.
ஆமாம், சூப்பையும் மெல்லத்தான் வேண்டியிருக்கிறது.

லாரிக் கதவில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருப்பார்கள்
காலி எடை: ஒன்பதாயிரத்து நானூறு.
ஒரு நாள்கூட அந்த எண்ணோடு
எந்த வண்டியும் என்னைக் கடந்ததில்லை.
சக்கர இடுக்கில் களிமண்,
டாங்கில் டீசல், கூரையில் பனி,
ஒரெஸ்ட் வண்டியென்றால் முன் இருக்கையில் அவன் நாய்.
கதவில் இருப்பது
தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றைய எடை.
அதற்குப் பிறகு வண்டி ஓடியிருக்கிறதே!

நானும் ஓடியிருக்கிறேன்.
இரண்டு பிரசவம். முழங்காலில் ஓர் உலோக மூட்டு.
அடிவயிற்றில் மடிந்து தொங்கும் தோல்;
குளித்து முடித்து அதைத் தூக்கித் துடைக்கிறேன்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன பிள்ளையைத் துடைப்பதுபோல.
அதுவே நான்கு கிலோ இருக்குமாம்.
இத்தனை வருடம் மூட்டை சுமந்த எலும்பை
இளைத்துக்கொள் என்றால் இளைக்குமா?

ஆனால்
மாதிரி எடுக்கும் மேடைக்குப் பதினாறு இரும்புப் படிகள்.
ஏறிவிட்டு, மேலே நின்று,
ஓட்டுநரோடு பேச முடிகிறது.
முதலில் பேச்சுத்தான் வந்தது.
மூச்சு வாங்கவில்லை என்பது
பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் கடைசி. கடைசி லாரியும் போயாகிவிட்டது.
கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு
வெறும் காலுறையோடு
நாற்பது டன் தாங்கும் மேடையின் நடுவில் போய் நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பு எண்: தொண்ணூறு.
இறங்கினேன். பூஜ்யம்.
மறுபடி ஏறினேன். தொண்ணூறு.
அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு இதே இடத்தில்
நூற்று நாற்பது.

பத்துப் பத்தாகத்தான் எண்ணும் இந்த மேடை.
எண்பத்தாறும் தொண்ணூற்று நான்கும்
அதற்கு ஒரே ஆள்தான்.
அரசாங்க முத்திரை பதித்த மேடை;
விற்பவனும் வாங்குபவனும்
இதை நம்பித்தான் கைகுலுக்குகிறார்கள்.

பாதம் சில்லிட்டது. உள்ளே வந்து
காகிதத்தை விரித்துப்
பென்சிலால் எழுதினேன்:
எண்பத்தெட்டு.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
சேறு படிந்த நாளில், தொண்ணூற்றிரண்டு.